ஷேவிங் ஃபோமும் ரூம் ஸ்ப்ரேயும் ஒரே மாதிரி கேனில்தான் வருகின்றன. ஒன்று நுரையாகவும் மற்றொன்று தூறலாகவும் வருவது ஏன்?

இரண்டு கேன்களிலும் உள்ள பொருள்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. தண்ணீர், கொஞ்சம் எண்ணெய் வகை, பால்மமாக்கி (ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பொருள்), வாசனைப் பொருள், உந்துவாயு (உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது). எது எதற்குள் துளியாக மிதக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தண்ணீருக்குள் உந்துவாயு துளித்துளியாக இருந்தால் நுரை வரும். உந்துவாயுவுக்குள் தண்ணீர் துளித்துளியாக இருந்தால் தூறல் வரும்.

"நன்றாகக் குலுக்கிய பிறகு பயன்படுத்தவும் என்று அச்சிடுவது வெறும் சம்பிரதாயமா? குலுக்காமல் அடித்தால் ரூம் ஸ்ப்ரே முதலில் சொட்டச் சொட்ட ஈரமாக வருகிறதே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஏரோசால் தயாரிப்புகளுக்குச் சேர்மானம் வகுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உந்துவாயு. கேனுக்குள் காற்றை அழுத்தி அடைத்திருக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கேன்களில் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட புரொப்பேன், ஐசோபியூட்டேன், பியூட்டேன் கலவை. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ், ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 12, பியூட்டேனுக்கு ஏறக்குறைய மைனஸ் அரை டிகிரி. மூடிய கேனுக்குள் இவை திரவமாகக் கிடக்கும். மேலே உள்ள வெற்றிடத்தை அவற்றின் ஆவி நிரப்பியிருக்கும். 21 டிகிரியில் ஐசோபியூட்டேன் மட்டும் இருந்தால் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சுமார் 2 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). புரொப்பேன் மட்டும் என்றால் ஏழரை பார். வேண்டிய அழுத்தம் கிடைக்கும் விகிதத்தில் இரண்டையும் கலந்துகொள்வார்கள்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. நீங்கள் அடிக்க அடிக்கத் திரவத்தில் கொஞ்சம் ஆவியாகி, காலியான இடத்தை நிரப்பிவிடும். ஆவி அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர, எவ்வளவு திரவம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. அதனால் கடைசிச் சொட்டு வரை ஏறத்தாழ ஒரே வேகத்தில் பீச்சும். நைட்ரஜன் போன்ற வாயுவை அழுத்தி அடைத்த கேன்களில் இந்தச் சௌகரியம் இல்லை. உள்ளடக்கம் குறையக் குறைய அழுத்தமும் தளர்ந்துகொண்டே போகும். நீண்ட நேரம் அடித்தால் கேன் சில்லிட்டுப்போவதற்கும் இந்த ஆவியாதல்தான் காரணம். ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும் உலோகச் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

உந்துவாயுவை வெறும் தள்ளுவிசையாகப் பார்ப்பவர்களுக்கு ஏரோசால் வேதியியல் கடைசி வரை பிடிபடாது என்பது என் கருத்து. அது சேர்மானத்தில் ஒரு திரவம். தண்ணீரோடு கலக்காது, எண்ணெய்ப் பக்கம் சேர்ந்துகொள்ளும். பிரச்சினையும் அழகும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களில் ஒன்றை மற்றொன்றில் துளிகளாகச் சிதறடித்தால் கிடைப்பது பால்மம். பாடநூல்களில் சிதறிய துளிகளைப் பிரிகை நிலைமை என்றும், சூழ்ந்திருக்கும் திரவத்தைப் பிரிகை ஊடகம் என்றும் படித்திருப்பீர்கள். எது ஊடகம் ஆகும்? அளவில் எது அதிகமோ அதுவே என்று தோன்றும். பல நேரங்களில் அப்படித்தான் நடக்கிறது, ஆனால் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் பால்மமாக்கியின் கையில் இருக்கிறது. அது எந்தத் திரவத்தில் நன்றாகக் கரைகிறதோ அந்தத் திரவமே ஊடகமாகும். இதற்கு பாங்கிராஃப்ட் விதி என்று பெயர். 1949இல் வில்லியம் கிரிஃபின் இதற்கு ஓர் எண் அளவுகோல் வகுத்தார்: எச்.எல்.பி. எண். பால்மமாக்கிக்குத் தண்ணீர் மேல் நாட்டம் கூடக் கூட இந்த எண்ணும் கூடும். தோராயமாக 3 முதல் 6 வரை உள்ள பால்மமாக்கிகள் எண்ணெயை வெளியே, அதாவது ஊடகமாக, வைக்கும். 8க்கு மேல் உள்ளவை தண்ணீரை வெளியே வைக்கும். சார்பிட்டன் மோனோஓலியேட்டுக்கு 4.3, அதோடு பாலிஆக்சிஎத்திலீன் சங்கிலியை இணைத்துச் செய்யும் பாலிசார்பேட் 80க்கு 15. மூலக்கூறின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் பால்மம் தலைகீழாகிவிடுகிறது.

ஷேவிங் ஃபோமில் பால்மமாக்கி ஒரு சோப்புதான்: ஸ்டியரிக் அமிலத்தோடு டிரைஎத்தனாலமின் சேர்ந்து உண்டாவது. தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆகவே தண்ணீர் வெளியே, உந்துவாயு உள்ளே. உந்துவாயுவின் அளவும் சொற்பம், எடையில் 3 முதல் 5 சதவீதம் போதும். வால்வைத் திறந்ததும் சோப்புப் படலம் போர்த்திய நுண்துளிகள் ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே ஆவியாகின்றன. ஒரு மில்லிலிட்டர் ஐசோபியூட்டேன் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 230 மில்லிலிட்டர் வாயுவாகப் பெருகும். அந்த வாயு வெளியேற வழியின்றிப் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுதான் உள்ளங்கையில் உப்பி நிற்கும் நுரை.

ஷேவிங் ஜெல் இதைவிடச் சாமர்த்தியமானது. அதற்குள் ஐசோபென்டேன் கலந்திருப்பார்கள். அதன் கொதிநிலை 28 டிகிரி. கேனிலிருந்து வரும்போது ஜெல்லாகவே இருக்கும், தோலின் சூட்டில் தேய்க்கத் தேய்க்க நுரைக்கும். கேனுக்குள்ளேயே நுரைத்துவிடாமல் இருக்க, ஜெல்லைத் தனிப் பையில் அடைத்து, பையைச் சுற்றி வேறு வாயுவை நிரப்புகிறார்கள். என்னைக் கேட்டால் முழு ஏரோசால் தொழிலிலும் நேர்த்தியான யோசனை இதுதான்.

இப்போது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ரூம் ஸ்ப்ரே. இதில் உந்துவாயு எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதிகமாக இருப்பது தண்ணீர்தான் என்றாலும் எச்.எல்.பி. எண் குறைந்த பால்மமாக்கியைப் போட்டு, உந்துவாயுவை வெளியே நிற்க வைக்கிறோம். வால்வைத் தாண்டியதும் வெளியே சூழ்ந்திருந்த திரவம் ஒரே வீச்சில் ஆவியாகிறது. வாயுவைச் சிறைப்படுத்தப் படலம் எதுவும் இல்லை, ஆகவே நுரைக்கு வாய்ப்பில்லை. அந்த வீச்சே தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. போதாததற்கு, பொத்தானுக்குள் திரவத்தைச் சுழலவிட்டு உடைக்கும் சிறிய அறை ஒன்றும் இருக்கும். தவறான பால்மமாக்கியைப் போட்டால் இதே சேர்மானம் பொத்தான் வாயில் நுரைத்துக்கொண்டு வழியும்.

இந்தப் பால்மத்தை உலோகக் கேனுக்குள் பார்க்க முடியாது. ஆய்வகத்தில் அழுத்தம் தாங்கும் கண்ணாடிக் குப்பியில் நிரப்பிப் பார்ப்போம். குலுக்கியதும் முழுக்கப் பால் வெண்மை. மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தால் அடியில் இருந்து தெளிவு தொடங்கும்: தண்ணீர்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து இறங்குகின்றன. உந்துவாயுத் திரவத்தின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் பாதியைவிடச் சற்றுதான் அதிகம், அதனால் அது மேலே ஒதுங்கும். நடுவில் பால்மப் பட்டை ஒன்று கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கடைசியில் கீழே தண்ணீர், மேலே உந்துவாயு. இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போன்ற கோடு. எந்தப் பால்மமும் நிரந்தரமல்ல. கேனுக்குள் மாதக்கணக்கில் கலையாமல் நிற்க வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதும் இல்லை. குலுக்கியதும் சட்டென்று உருவாகி, அடித்து முடிக்கும் வரை கலையாமல் இருந்தால் போதும்.

குலுக்காமல் அடித்தால் என்ன ஆகிறது என்பது இப்போது விளங்கும். உறிஞ்சுகுழாயின் முனை கேனின் அடியில் இருக்கிறது. அடியில் இருப்பது தண்ணீர். அதனால் முதலில் வருவது தடித்த ஈரத் தாரை. தரையிலும் மேசையிலும் சொட்டும். இதையே வழக்கமாக்கிக்கொண்டால் தண்ணீர் முன்கூட்டியே தீர்ந்து, கடைசியில் ஏறத்தாழ வெறும் ஹைட்ரோகார்பன் (புரொப்பேன், பியூட்டேன் வகை) உந்துவாயுதான் வரும். தீப்பற்றும் தன்மையை மட்டுப்படுத்தத்தான் இவ்வளவு தண்ணீரைச் சேர்த்தோம். அந்த நோக்கமே பாழாகிறது. வாசனைப் பொருள் பெரும்பாலும் எண்ணெய்ப் பக்கம் நிற்பதால், ஆரம்பத்தில் மணமும் குறைவாகவே இருக்கும்.

தண்ணீர் சேர்ப்பதில் தொல்லைகளும் உண்டு. தகர முலாம் பூசிய எஃகு கேனைத் தண்ணீர் அரிக்கும், அதனால் உட்பூச்சும் அரிமானத் தடுப்பானும் கட்டாயம். சோடியம் பென்சோயேட், சோடியம் நைட்ரைட்டு போன்றவற்றை அதற்காகவே சேர்க்கிறார்கள்.

துளி எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ண வேண்டாம். 10 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துளிகள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. ஆஸ்துமா இன்ஹேலரில் 5 மைக்ரானுக்குக் குறைவாக வேண்டும் என்றே வடிவமைப்பார்கள். ஹேர் ஸ்ப்ரேயில் அப்படி ஆகிவிடக் கூடாது என்று பாடுபடுவார்கள்.

ஓசோன் பற்றிப் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு காலத்தில் உந்துவாயு என்றாலே குளோரோஃபுளுரோகார்பன்தான், தீப்பிடிக்காது, மணமில்லை. அவை ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் காட்டினார்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இன்றைய ஹைட்ரோகார்பன்கள் ஓசோன் படலத்தைத் தொடுவதில்லை. ஆனால் சூரிய ஒளியில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, தரைமட்டக் காற்றில் ஓசோன் உண்டாக உதவுகின்றன. மேலே தேவைப்படும் ஓசோன் கீழே மாசு. தண்ணீர்ச் சேர்மானங்களுக்கு மவுசு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு நேரம் குலுக்குவது? பால்ம வகை ரூம் ஸ்ப்ரேக்கு அடிக்கும் முன் சில நொடிகள் போதும். நீண்ட நேரம் அடிப்பதானால் நடுவே மறுபடி குலுக்குங்கள். பெயின்ட் கேன் வேறு ரகம். அங்கே அடியில் படிவது திடமான நிறமித் தூள், அதைக் கிளறத்தான் உள்ளே குண்டு போட்டிருக்கிறார்கள். குண்டு உருளும் ஓசை கேட்கத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும். ஹேர் ஸ்ப்ரே பலவற்றில் டைமெத்தில் ஈதர் உந்துவாயுவாக இருக்கும். அது தண்ணீரிலும் கணிசமாகக் கரையும், ஆல்கஹாலோடு முழுமையாகக் கலக்கும். உள்ளே இருப்பது ஒற்றைக் கரைசல். அந்தக் கேனைக் குலுக்குவதால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை.