பத்தாவது வரைக்கும் அரசு பள்ளி, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் பிரைவேட்டுக்கு மாத்தலாமா?

உச்சிப்புளி பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு ஆறாவதுல இருந்து ஊர்ல இருக்க அரசு உயர்நிலைப் பள்ளியிலதான் படிச்சிருக்கா, பத்தாவதுல நல்ல மார்க், டாக்டருக்கு இல்லன்னா கடல், மீன்வளம் சம்பந்தமா படிக்கணும்னு ஆசை. அந்த ஸ்கூல் பத்தோட முடியுது, கிட்ட இருக்க மேல்நிலைப் பள்ளியில பயாலஜி குரூப் இல்ல, குரூப் இருக்க அரசு பள்ளிக்கு பஸ் ஏறித்தான் போகணும். சொந்தக்காரங்க எல்லாம் ராமநாதபுரத்துல பிரைவேட்ல போடுங்க ரெண்டு வருஷம்தானேங்குறாங்க, வீட்டுக்காரர் விசைப்படகுக்கு போறவர், என்ன செய்யலாம்னு கேக்குறாங்க.

அக்கா, பிரைவேட்டுக்கு மாத்தாதீங்க. சொந்தக்காரங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா அந்த ரெண்டு வருஷத்துல உங்க பொண்ணு எதையெல்லாம் இழக்குறான்னு யாரும் கணக்கு பாக்கல.

மொதல்ல 7.5 சதவீத இட ஒதுக்கீடு. 2020ல மருத்துவப் படிப்புக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் கொண்டு வந்தாங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசு பள்ளியிலயே படிச்சிருக்கணும், அதான் கண்டிஷன். உங்க பொண்ணு அஞ்சு வருஷம் முடிச்சிட்டா, மிச்சம் ரெண்டே வருஷம், இப்ப மாத்துனா அந்த அஞ்சு வருஷமும் கணக்குல வராது. டாக்டருக்கு நீட் எழுதித்தான் ஆகணும், ஆனா போட்டி அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குள்ள மட்டும்தான், பொதுப் பட்டியல்ல சீட்டே கிடைக்காத மார்க்குக்கு இதுல எம்பிபிஎஸ் கிடைக்குது, அப்படி சேர்ற பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் செலவு எல்லாம் அரசாங்கமே கட்டிடும்.

ரெண்டாவது புதுமைப்பெண். அரசு பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரை படிச்ச பொண்ணு காலேஜ், பாலிடெக்னிக், ஐடிஐ எது சேர்ந்தாலும் மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்ட்லயே விழும். மூணு வருஷ டிகிரிக்கு 36,000.

இதுல நம்ம கரையில நிறைய பேர் ஏமாந்து போற இடம் ஒண்ணு இருக்கு. திருச்சபையும் ஜமாத்தும் நடத்துற உதவிபெறும் பள்ளிகள் இங்க ஜாஸ்தி, ஃபீஸ் பெருசா இல்ல, புக்கு சைக்கிள் எல்லாம் அரசாங்கமே தருது, அதனால அதுவும் அரசு பள்ளிதான்னு நினைச்சுக்குறாங்க. 7.5க்கு உதவிபெறும் பள்ளி கணக்குல வராது, எவ்வளவு பேர் பெத்த பள்ளியா இருந்தாலும் சரி. புதுமைப்பெண் மட்டும் அங்க தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கும் 2024ல நீட்டிச்சாங்க. சேக்குறதுக்கு முன்னாடி அரசு பள்ளியா உதவிபெறும் பள்ளியான்னு வாய்விட்டு கேட்டுருங்க.

பணத்தையும் யோசிக்கணும்க்கா. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், போட் கரையில நிக்குது, சரியா அந்த நேரத்துலதான் பிரைவேட் ஸ்கூல் அட்மிஷன் ஃபீஸ் கேப்பாங்க. போட் ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கி ஃபீஸ் கட்டிட்டு அடுத்த சீசன் முழுக்க அதைக் கழிச்சிட்டே இருக்க குடும்பங்களை பாத்துட்டுதான் இதை சொல்றேன், மனசு கேக்க மாட்டேங்குது. அங்க போய் கிடைக்குறதுதான் என்ன, பல இடத்துல பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கி வச்சிட்டு மொத வருஷமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சுடுறாங்க, நீட்ல பதினொண்ணாவது பாடத்துல இருந்தும் நிறைய கேள்வி வரும், அந்த பிள்ளைங்க அங்கதான் திணறுறாங்க.

குரூப் விஷயத்துல கிட்ட இருக்குன்னு கம்ப்யூட்டர் சயின்ஸ்லயோ காமர்ஸ்லயோ சேத்துறாதீங்க, பஸ் ஏறினாலும் பரவால்ல. மேக்ஸ் பயாலஜி எடுத்தா எம்பிபிஎஸ், இன்ஜினியரிங், விவசாயம், மீன்வளம் நாலு பக்கமும் வழி திறந்திருக்கும், கணக்கு அவளுக்கு வராதுன்னா மட்டும் பியூர் சயின்ஸ். மீன்வளத்துக்கு பி.எஃப்.எஸ்சின்னு நாலு வருஷ படிப்பு இருக்கு, நாகப்பட்டினத்துல இருக்க மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு கீழ, நமக்கு கிட்ட தூத்துக்குடி காலேஜ். அதுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க் வச்சுதான் சீட், ஆனா பயாலஜி கட்டாயம். மீனவர் பிள்ளைகளுக்கு தனி ஒதுக்கீடும் உண்டு, அதை நம்ம ஆளுங்களே கேட்டு வாங்காம விட்டுடுறாங்க.

அதுக்காக எந்த அரசு பள்ளியா இருந்தாலும் கண்ணை மூடிட்டு சேருங்கன்னு சொல்லல. நேர்ல போய் எச்.எம்.கிட்ட பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேக்ஸ், பயாலஜிக்கு முதுகலை ஆசிரியர் போஸ்ட் நிரப்பியிருக்கா, காலியா இருந்தா பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.) மூலமா ஆள் போட்டிருக்காங்களான்னு கேளுங்க, கடலோரப் பள்ளிகள்ல டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு போறவங்க அதிகம். நீட் கோச்சிங் வாரத்துல எத்தனை நாள் நடக்குது, லேப்ல பிள்ளைங்க கையாலயே பிராக்டிகல் பண்றாங்களான்னும் கேளுங்க. இதையெல்லாம் ஏற்கனவே அங்க பிளஸ் டூ படிக்குற ஒரு பொண்ணுகிட்ட விசாரிச்சா இன்னும் சரியா தெரிஞ்சுடும்.

தினம் பஸ்ல போய் வர்றது கஷ்டம்னா ராமநாதபுரத்துல பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையோட மாணவியர் விடுதி இருக்கு, சாப்பாடு தங்குறது இலவசம், வருமான வரம்பு இருக்கு. வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் இவ்வளவு தூரம் இருக்கணும்ங்குற விதி பொண்ணுங்களுக்கு கிடையாது. பட்டினம்காத்தான்ல கலெக்டர் ஆபீஸ்ல அந்தத் துறை அலுவலகம் இருக்கு, ஜூன்லயே போயிடுங்க, லேட்டானா இடம் இருக்காது.

டி.சி. வாங்கப் போறப்பவே ஆறுல இருந்து பத்து வரைக்கும் இங்கதான் படிச்சான்னு படிப்புச் சான்றிதழையும் கையோட வாங்கிக்கங்க, எமிஸ்ல, அதாவது பள்ளிக்கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவுல, அவ பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணும் ஆதார்ல இருக்க மாதிரியே இருக்கான்னு பாருங்க, தப்பிருந்தா அந்த ஸ்கூல்லயே இப்பவே திருத்திக்கங்க.