சுவருக்குள் இறுகிப்போன பழைய குழாயைக் கழற்றுவது எப்படி?

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறோம். குளியலறையின் பித்தளைக் குழாய்கள் ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) விட்டு அசைய மறுக்கின்றன. சுவரைக் கொத்தித்தான் ஆகவேண்டும் என்கிறார் பிளம்பர். கதவுக் கீல்களின் ஸ்க்ரூக்களும் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: காலையில் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருக்கிறதா? டேங்க் நிறைய இருந்தும் குழாயில் ஒழுகல்தானா? அப்படியானால் பிளம்பர் சொல்வது சரி. துருவேறிய பைப்பைக் காப்பாற்றி என்ன பயன்? கொத்திவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போடுங்கள்.

பைப் நன்றாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிபடுவது இரும்புதான். முரட்டுத்தனமாகத் திருகினால் குழாய் தப்பினாலும் பைப் தப்பாது. சுவருக்குள் குழாய் பூட்டியிருக்கும் எல்போ (பைப் திரும்பும் இடத்தின் வளைவு இணைப்பு) விரிசல் விடும். அந்தக் கசிவு பூச்சு ஊறி உப்பிய பிறகுதான் தெரியும்.

தண்ணீரை அடைக்கும் பழைய கேட் வால்வை நம்பாதீர்கள். டேங்கைக் காலி செய்துவிடுங்கள். குழாயைச் சுற்றியுள்ள சிமெண்டைச் சுரண்டி, இணைப்பில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சிறு சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அந்தக் காலத்தில் மரையில் சணல் சுற்றி வெள்ளை ஈயம் பூசுவார்கள். அது கல்லாக இறுகியிருக்கும், எண்ணெய் இறங்க ஓர் இரவாவது ஆகும். மறுநாள் பைப் ரென்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி, பிறகு கழற்றும் பக்கம். அசைந்துவிட்டால் முன்னும் பின்னுமாகவே கொண்டு வாருங்கள். திருகும்போது ஸ்பிரிங் போலத் திரும்பி வந்தால் உள்ளே பைப்பே முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அதோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் அறுப்பதுதான் வழி. விரற்கடை நீளம் வெளியே நிற்கும்படி குழாயை அறுங்கள். ஆக்சா பிளேடைத் தனியே எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றி, துளைக்குள் விட்டு நீளவாக்கில் மெதுவாக அறுங்கள். மஞ்சள் தூள் விழும்வரை பித்தளை. கருந்தூள் தெரிந்தால் இரும்பின் மரையைத் தொட்டுவிட்டீர்கள். பக்கத்தில் இன்னொரு வெட்டு. நடுவிலுள்ள கீற்றைச் சிற்றுளியால் உட்பக்கம் மடக்கினால் மீதித் துண்டு தளர்ந்து கையோடு வரும். மரையைச் சுத்தம் செய்து, டெஃப்லான் டேப் சுற்றிப் புதுக் குழாயைப் பூட்டுங்கள்.

சிலர் தீ காட்டச் சொல்வார்கள். வேண்டாம். சூட்டில் இரும்பைவிடப் பித்தளை அதிகம் விரியும். உள்ளே இருப்பது பித்தளை என்பதால் சூடு ஆறும்வரை இன்னும் இறுகும். டைல்ஸ் விரிசல் விடும், எண்ணெயும் தீப்பிடிக்கும்.

கீல் ஸ்க்ரூக்களுக்குச் சூடு உதவும். பெயின்ட்டில் அடைபட்ட வரிப்பள்ளத்தை முள்ளால் சுரண்டி, சால்டரிங் அயர்னின் நுனியை ஓரிரு நிமிடம் ஸ்க்ரூ தலையில் வையுங்கள். ஆறியதும், பள்ளத்தில் முழுதாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால், இதையும் முதலில் இறுக்கிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். கடப்பாறையால் நெம்பினால் தேக்கு பிளந்துவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துச் சுரண்டுங்கள், தூள் அடங்கும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.