மேடையில் விக்டோரியா காலத் திருமணம்: பகல் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகம் 1851-இல் மான்செஸ்டரில் நடக்கிறது. பஞ்சாலை முதலாளியின் மகளுக்கு ஒரு திருமணம், அதே ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு திருமணம் என இரண்டு காட்சிகள். முதலாளி வீட்டுக் கல்யாணத்தை இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் வைத்திருக்கிறோம். இரண்டு மணப்பெண்களுக்கும் வெள்ளை கவுன். இது சரியா? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் மெழுகுவத்தியை அணையுங்கள். அன்றைய இங்கிலாந்தில் காலை 8 மணிக்கும் பகல் 12 மணிக்கும் இடையில்தான் திருமணம் நடத்தலாம். மீறி நடத்திவைக்கும் பாதிரியார் சட்டப்படி குற்றவாளி. 1886-இல்தான் இந்த நேரம் பிற்பகல் 3 மணி வரை நீண்டது. கான்டர்பரி பேராயரின் சிறப்பு அனுமதி இருந்தால் நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அது பெரும்பாலும் பிரபு குடும்பங்களின் சமாச்சாரம். எனவே விருந்தையும் பகலிலேயே, பெண் வீட்டில் வையுங்கள்.

சர்ச்சுக்குள் நடந்த சடங்கில் ஏழை, பணக்காரர் வித்தியாசம் கிடையாது. ஆங்கிலிக்க சபையின் ஜெப புத்தகத்தில் இருந்த அதே வாசகத்தைத்தான் இருவருக்கும் படித்தார்கள். மோதிரம் மணமகளுக்கு மட்டும். மாற்றிக்கொள்வதுபோல் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். (மான்செஸ்டர் முதலாளிகள் பலர் வேறு சபைக்காரர்கள். உங்கள் முதலாளி ஆங்கிலிக்கர் என்றே வைத்துக்கொள்கிறேன்.) வர்க்கம் தெரிவதெல்லாம் சர்ச்சுக்குள் நுழைவதற்கு முன்னும், வெளியே வந்த பின்னும்தான்.

நம் ஊர் சர்ச்சுகளில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிக்கிறார்களே, அதுபோல அங்கும் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயர்களைச் சர்ச்சில் அறிவிக்க வேண்டும். ஆலைப் பெண்ணுக்கு இதுதான் வழி. தன் மகள் பெயரை ஊரார் முன் கூவுவதை வசதியான அப்பா விரும்பமாட்டார். காசு கொடுத்து, அறிவிப்பு இல்லாமலே மணக்க விடும் பிஷப்பின் உரிமம் வாங்கிவிடுவார். கூடவே வக்கீலை வைத்துத் திருமண ஒப்பந்தமும் எழுதுவார். மகளுக்குத் தரும் சொத்து அறங்காவலர்கள் கையில் இருக்கும், மாப்பிள்ளை தொட முடியாது. ஆலைப் பெண்ணுக்கோ ஒப்பந்தமும் இல்லை, அறங்காவலரும் இல்லை. மணமான பெண்களின் சொத்துரிமை பற்றிய 1870 சட்டம் வரும்வரை அவள் வாங்கும் கூலிகூடச் சட்டப்படி புருஷனுடையது. இவ்வளவுக்கும் ஜெப புத்தகப்படி, 'என் உடைமை எல்லாம் உனக்கே' என்று சொல்வது மாப்பிள்ளைதான்! நாடகக்காரர் விடக்கூடாத இடம் இது.

ஆலைப் பெண்ணின் கல்யாணத்தை எந்த நாளில் வைப்பது? 1850 தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை பெண்களை 2 மணிக்கு வேலையிலிருந்து விடச் சொன்னது. கல்யாண நேரமோ 12 மணியோடு முடிந்துவிடும். கூலி போகாமல் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் ஞாயிறு, இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸ் காலையிலேயே வையுங்கள். தொழிலாளர் கல்யாணங்கள் அன்று ஏராளம். மான்செஸ்டர் பெரிய கோயிலில் (1847-இல்தான் கதீட்ரல் ஆனது) பல ஜோடிகளை ஒன்றாக நிறுத்தி நடத்திவைப்பது வழக்கம். பின்னால் இன்னும் நான்கு ஜோடி நிற்கட்டும். துணை நடிகர்களுக்கும் வேலை கிடைக்கும்.

வெள்ளை கவுன் முதலாளி மகளுக்கு மட்டும். 1840-இல் விக்டோரியா ராணி வெள்ளை சாட்டினும் ஹானிட்டன் ஊர் லேஸும் ஆரஞ்சுப் பூ கிரீடமுமாக மணந்த பிறகு பணக்கார வீடுகளில் அது பரவிக்கொண்டிருந்தது. ஆலைக்காரி ஒரு நாள் உடுத்தி எடுத்துவைக்கத் துணி வாங்க மாட்டாள். நிறமுள்ள ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, சால்வை, பானெட் தொப்பி போதும்.

இரண்டு காட்சியிலும் பதிவேட்டைக் கட்டாயம் காட்டுங்கள். 1837 முதல் ஒரே அச்சுப் படிவம்: பெயர், வயது, தொழில், வசிப்பிடம், தகப்பன் பெயர், அவர் தொழில். இரண்டு சாட்சிகள் வேண்டும். முதலாளி மகள் சரளமாகக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் காலத்து மணப்பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெருக்கல் குறிதான் போட்டார்கள். உங்கள் ஆலைப் பெண்ணும் அப்படியே போடட்டும். பக்கத்தில் பாதிரியார் அவள் பெயரை எழுதுவார். பேனாவை அவள் பிடிக்கும் விதத்தை ஒத்திகையில் கவனியுங்கள்.

இசைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இசையமைப்பாளர் மெண்டல்சனின் திருமண அணிவகுப்பு இசை 1858-இல் ராணியின் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பிறகே எல்லோரும் கேட்பதாக ஆனது. 1851-க்கு சாதாரண ஆர்கன் இசை போதும்; ஏழைக் காட்சிக்கு அதுவும் வேண்டாம்.