பாலிடெக்னிக் படிப்பை மறைக்க வேண்டுமா?

கேள்வி: பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. படித்தவன் நான். எட்டு ஆண்டுகளாகப் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். இடையில் பகுதிநேரமாக எம்.இ. படித்து 68 விழுக்காடு பெற்றேன். இப்போது முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்புகிறேன். விண்ணப்பத்தில் டிப்ளமோவைப் பெரிதுபடுத்த வேண்டாம், ஆலை வேலையை ஒரே வரியில் முடித்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா? வேலையை விடாமலே ஆய்வு செய்ய முடியுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் நண்பர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் அந்த யோசனையை நீங்கள் ஏற்கக் கூடாது. முன்பு ஒருமுறை நான் உறுப்பினராக இருந்த நேர்முகத் தேர்வுக்கு வந்த இளைஞர் ஒருவர், ஃபவுண்டரியில் உழைத்த நான்கு ஆண்டுகளைத் தன்விவரக் குறிப்பிலிருந்தே நீக்கியிருந்தார். அந்த நான்கு ஆண்டுகள் எங்கே போயின என்று கேட்டபோது அவர் தடுமாறினார். வார்ப்புகளில் விழும் காற்றுத்துளைகளைப் பற்றி எங்களில் யாரையும்விட அவருக்கு அதிகம் தெரியும் என்பது, எழுந்து போகும் நேரத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது. அந்த ஆண்டு அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

நீரோட்டம் சீராக ஓடுமா, கொந்தளிக்குமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணை பி.இ. படிக்கும்போது நீங்கள் எத்தனையோ முறை கணக்கிட்டிருப்பீர்கள். அந்த எண்ணுக்கு உரியவரான ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கல்லூரிக்குப் போவதற்கு முன் 1861-இல் இங்கிலாந்தில் ஒரு பொறியாளரின் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1867-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது, பட்டறை நாட்களை அவர் மறைக்கவில்லை. அங்கே கண்ணில் பட்ட நிகழ்வுகளை விளக்கக் கணிதம் தேவை என்று உணர்ந்ததால்தான் கேம்பிரிட்ஜுக்குப் போனதாக அந்த விண்ணப்பத்திலேயே எழுதினார். பதவி அவருக்கே கிடைத்தது. உங்கள் தொழிலோடும் அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு: 1875-இல் டர்பைன் பம்புக்குக் காப்புரிமை பெற்றவரும் அவர்தான்.

ஆகவே, ஆய்வு நோக்கக் குறிப்பை மதிப்பெண்களில் தொடங்காமல், ஆலையில் நீங்கள் கண்ட ஒரு சிக்கலில் தொடங்குங்கள். பழுதாகித் திரும்பிவரும் பம்பைப் பிரித்தால், உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இதழில், நுழைவு ஓரத்தில் கடற்பஞ்சு போலச் சிறு குழிகள் அரித்திருப்பதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால் சாதாரண வெப்பநிலையிலேயே நீர் ஆவியாகிக் குமிழிகள் உண்டாகின்றன. அவை அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் நொடியில் நொறுங்கி உலோகத்தைத் தாக்குகின்றன. ஆலையில் இதைக் கேவிட்டேஷன் என்று சொல்லி, புது இம்பெல்லர் மாட்டி அனுப்பிவிடுவோம். ஒரே வடிவமைப்பில் செய்த இரண்டு பம்புகளில் ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் அரிக்கிறது, வார்ப்பின் மேற்பரப்புச் சொரசொரப்புக்கு அதில் எவ்வளவு பங்கு, அப்போது பம்பில் எழும், சரளைக்கல் உருள்வது போன்ற சத்தத்தைக் கொண்டே அரிப்பை முன்கூட்டி அறிய முடியுமா என்று கேட்கத் தொடங்கினால், அது ஆய்வுக்குரிய கேள்வியாகிறது. பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட் அருகே எட்டு ஆண்டுகள் நின்றவர் இப்படிக் கேட்கும்போது நெறியாளர் நிச்சயம் காது கொடுப்பார். டிப்ளமோவும் இந்தக் கதையின் தொடக்கமாக இயல்பாகவே வந்துவிடும்.

தகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு கேட்கின்றன; உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. பகுதிநேர ஆய்வையும் அவ்விதிகள் அனுமதிக்கின்றன. அதற்கு, ஆய்வு செய்ய அனுமதியும் போதிய நேரமும் தருவதாகவும், தேவைப்பட்டால் பாட வகுப்புகளுக்காகப் பணியிலிருந்து விடுவிப்பதாகவும் உங்கள் நிர்வாகம் தடையின்மைச் சான்று தர வேண்டும். குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள் என்பது பொதுக் கால வரம்பு. ஐ.ஐ.டி.களுக்கு விதிகள் தனி என்பதால், அங்கே விண்ணப்பிப்பதானால் அவர்களுடைய அறிவிப்பைப் படித்துப் பாருங்கள்.

சான்று கேட்கும்போதே இன்னொன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆலையின் சோதனை அளவீடுகளையும், அரித்த இம்பெல்லர்களின் படங்களையும் ஆய்வேட்டில் பயன்படுத்த நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். வாய்மொழியாகத் தலையசைத்தவர் மூன்று ஆண்டுகள் கழித்து அதே பொறுப்பில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆய்வேட்டின் பாதி அந்த அளவீடுகளை நம்பி எழுதப்பட்ட பிறகு ஒப்புதலைத் தேடி அலைவது மிகவும் கடினம்.