கேமரா கேள்வி-பதில்: இது யார் எடுத்த படம்?

கேள்வி: எங்கள் போட்டோகிராபி கிளப்பின் மாதப் போட்டியில் பெயரை மறைத்துத்தான் படங்களைத் திரையிடுகிறார்கள். ஆனாலும் மூத்த உறுப்பினர்கள் "இது இன்னாருடையது" என்று பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எதை வைத்து? - கோவை வாசகர்

பெரும்பாலும் எடுத்தவர் எங்கே நின்றார் என்பதை வைத்துத்தான். நிறத்தை நம்பாதீர்கள், ஒரே ப்ரீசெட்டை (ஆயத்தமாகக் கிடைக்கும் நிறத் திருத்தம்) பத்துப் பேர் போடுகிற காலம் இது. நிற்கும் உயரமும் தூரமும் லேசில் மாறாது. சமதளத்தில் நின்றபடி எடுத்தால் தொடுவானம் படத்தில் நிற்பவர்களின் கண் மட்டத்தில் ஓடும். குத்தவைத்து எடுப்பவருக்கு அது இடுப்பு மட்டத்துக்கு இறங்கிவிடும். தூரத்தை அறிய மூக்கையும் காதையும் பாருங்கள். இரண்டடியில் நின்று எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கியிருக்கும். எட்டடி தள்ளிப் போனால் இரண்டும் இயல்பான அளவுக்கு வந்துவிடும்.

பழக வேண்டுமென்றால், ஒருவருடைய 20 படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, தீப்பெட்டி அளவில் ஒரே தாளில் அச்சிடுங்கள். முக்கிய உருவம் எங்கே, தொடுவானம் எங்கே என்று சிவப்புப் பேனாவால் குறியுங்கள். குறிகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால் அது அவருடைய கைப்பழக்கம். அப்புறம் ஓரங்கள். சிலர் நான்கு ஓரத்தையும் துடைத்துவைத்தாற்போல் விடுவார்கள். சிலர் பாதி ஆளை வெட்டி உள்ளே விடுவார்கள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஒன்றில் மட்டும் கவனம்: 20 படமும் ஒரே திருவிழாவில் எடுத்ததாக இருந்தால் பயிற்சி வீண். ஊரின் சாயலை ஆளின் சாயல் என்று எண்ணிவிடுவீர்கள்.

கேள்வி: ரகு ராய், ரகுபீர் சிங் படங்களைப் பிரித்தறிவது எப்படி? - திருச்சி வாசகி

இருவரும் 1942-இல் பிறந்த இந்தியப் போட்டோகிராபர்கள், பெயரும் ஒட்டி வருகிறது. குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கறுப்பு வெள்ளை என்றால் ராய் என்று எடுத்துக்கொள்ளலாம். சிங்கின் பேர்சொல்லும் வேலையெல்லாம் கலரில்தான். ஆனால் ராயும் கலரில் நிறைய எடுத்திருப்பதால் அதோடு நிறுத்தக் கூடாது. சிங்கின் படங்களில் பார்வையைக் குறுக்கே வெட்டும் பொருள் ஒன்று அடிக்கடி வரும்: தூண், ஜன்னல், கண்ணாடி, கார் கதவு. அம்பாஸடர் காரின் உள்ளிருந்தும் அதைச் சுற்றியும் எடுத்த தொடர், அவர் 1999-இல் மறைந்த பிறகு 2002-இல் புத்தகமாக வந்தது. ராயிடம் அந்த வெட்டு குறைவு. அகலமான லென்ஸில், முன்னால் ஒரு முகம், நடுவில் இருவர், பின்னால் கூட்டம் என்று ஆளாளுக்கு ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும்.

ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். 1984 போபால் விஷவாயுவில் இறந்த ஒரு குழந்தையைப் புதைத்ததை ராயும் இன்னொரு இந்தியப் போட்டோகிராபரான பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார்கள். மண்ணைத் தடவும் கையோடு கறுப்பு வெள்ளையில் புகழ்பெற்றது ராயின் படம். வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது வாங்கிய கலர் படம் பார்த்தலோமியூவுடையது.

கேள்வி: படத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருந்தால் அது பிரெஞ்சுப் போட்டோகிராபர் கார்த்தியே-பிரெஸ்ஸோன்தானா? - சேலம் வாசகர்

இல்லை. நெகட்டிவை வெட்டாமல் முழுசாக அச்சிட்டேன் என்று காட்டும் கோடு அது. அமெரிக்கப் போட்டோகிராபர் ரிச்சர்ட் அவெடனிடமும் உண்டு. இன்று போன் ஆப்பே போட்டுத் தருகிறது. போதாக்குறைக்கு, கார்த்தியே-பிரெஸ்ஸோனின் மிகப் பிரபலமான படமே, 1932-இல் பாரிஸில் தேங்கிய நீரைத் தாண்டும் மனிதர், ஓரம் வெட்டி அச்சிடப்பட்டதுதான்.

கேள்வி: ஒரு கல்யாணத்தில் நாங்கள் இருவர் எடுத்த படங்கள் ஒரே ஃபோல்டரில் கலந்துவிட்டன. ஃபைல் பெயரை மாற்றி, மெட்டாடேட்டாவும் (படத்தோடு பதியும் கேமரா, நேரம் போன்ற விவரம்) போய்விட்டது. எப்படிப் பிரிப்பது? - நாகர்கோவில் வாசகர்

ஒரிஜினல் மெமரி கார்டு அழியாமல் இருந்தால் முதலில் அதற்குப் போங்கள். அதிலுள்ள ஃபைல்களில் பெரும்பாலும் கேமராவின் சீரியல் நம்பர் பதிந்திருக்கும். இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் படிக்க வேண்டியதுதான்.

செங்குத்தாக எடுத்த படங்களில் தொடங்குங்கள். கேமராவைத் திருப்பும்போது வலது கை மேலே போனால் கேமராவின் தலையில் மாட்டிய ஃபிளாஷ் இடது பக்கம் வரும். நிழல் சுவரில் வலப்புறம் விழும். வலது கை கீழே போனால் நேர் எதிர். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் ஊறிப்போன பழக்கம். முகூர்த்த நேர அவசரத்தில் கூட மாறாது. பின்னால் நிழலே இல்லாமல் கண்குழி மட்டும் கறுத்திருந்தால், ஃபிளாஷை மண்டபத்தின் கூரையில் அடித்து எடுத்திருக்கிறார்.

அடுத்தது சீரியல் பல்புகள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, f/11, f/16 என்று சுருக்கினால் பல்பைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் தெரியும். அந்தத் துளையைச் சுருக்கும் தகடுகள் இரட்டைப்படை என்றால் அத்தனையே கதிர். ஒற்றைப்படை என்றால் இருமடங்கு. 8 தகட்டுக்கு 8, 9 தகட்டுக்கு 18. இருவரும் ஒரே மாடல் லென்ஸ் வைத்திருந்தால் இது உதவாது, நிழலை மட்டுமே நம்ப வேண்டும்.

அடுத்த முகூர்த்தத்துக்கு முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒத்துவையுங்கள். ஃபைல் பெயரின் முன்னெழுத்துகளை மாற்ற மெனுவில் வழி இருந்தால் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.