சாயநீரில் டாப்னியா செத்தால், கொன்றது எது?

கேள்வி: விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நொய்யல் கரையோரம் எடுத்த சாயக்கழிவு நீரில் டாப்னியா என்ற சிறு நீர்த்தெள்ளுகளை விட்டேன். ஒரே நாளில் அத்தனையும் செத்துவிட்டன. ‘சாயம் நஞ்சு’ என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். துணியில் சாயம் ஏறுவதற்காகச் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ ஏராளமாகச் சேர்க்கிறார்கள். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை நீரை விவசாயிகள் வேண்டாம் என்றதே இந்த உப்பால்தான். டாப்னியா நன்னீர் உயிர். வெறும் உப்பே அதைக் கொன்றிருக்கலாம்.

ஆகவே இரண்டு வரிசை வையுங்கள். முதல் வரிசையில் கழிவுநீர்: 100, 50, 25, 12.5, 6.25 சதவீதம். இரண்டாவதில் சாயமே இல்லாத உப்புநீர். கழிவுநீரிலுள்ள குளோரைடு, சல்பேட் அளவுகளை முதலில் பார்த்து, அதே விகிதத்தில் இரண்டு உப்பையும் கலந்து, ஒவ்வொரு படியிலும் மின்கடத்துத்திறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) ஒத்துவரும்படி சரிசெய்யுங்கள். இவற்றோடு டாப்னியாவை வளர்க்கும் வெறும் வளர்ப்புநீர் ஒரு தொகுதி. தொகுதிக்கு 20 குஞ்சுகள், 4 பீக்கரில் ஐந்தைந்தாக. மொத்தம் 220 தேவைப்படும். கழிவுநீர் உப்புநீரைவிடக் குறைந்த கடத்துத்திறனிலேயே கொன்றால்தான் உப்புக்கு மேல் வேறொன்றும் இருக்கிறது என்று சொல்ல முடியும்.

24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளே வேண்டும். முதல் நாள் மாலை முட்டை சுமந்த தாய்களைத் தனி பீக்கருக்கு மாற்றினால், காலையில் அதில் இருப்பவை அந்த வயதுதான். அகன்ற வாய்ப் பிப்பெட்டால் எடுத்து, அதன் நுனியை நீருக்குள் அமிழ்த்தி விடுங்கள். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்றுக்குமிழி சிக்கி, குஞ்சு மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மிதக்கும். அதைச் செத்தது என்று எண்ணிவிடுவீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

வெப்பம் 18–22 டிகிரி, சோதனைக் காலம் 48 மணி நேரம். இடையில் தீனி கூடாது. பீக்கரை மெல்ல ஆட்டி 15 விநாடி பாருங்கள். நீந்தாதது ‘அசைவற்றது’, உணர்கொம்பு மட்டும் துடித்தாலும் அதே கணக்குதான். முடிவில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் அந்தச் சோதனை செல்லாது, ஏனென்றால் மூச்சுத்திணறலும் கொல்லும். வளர்ப்புநீர்த் தொகுதியிலேயே 20-இல் மூன்று அசைவற்றுப் போனாலும் செல்லாது: 10 சதவீதம்தான் வரம்பு.

கேள்வி: வளர்ப்புநீருக்குக் கேன் தண்ணீர் போதுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: போதாது. ஆர்.ஓ.வில் கால்சியம் பெரும்பாலும் போய்விடும். ஓடு உரிக்கும் உயிருக்கு அது அவசியம். குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் பைகார்பனேட் 192, ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) 120, நீரற்ற மெக்னீசியம் சல்பேட் 120, பொட்டாசியம் குளோரைடு 8 மில்லிகிராம் சேருங்கள். ஜிப்சம் லேசில் கரையாது. அதைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு நாள் முழுக்கக் காற்றூட்டிய பிறகே டாப்னியாவை விடுங்கள்.