கேமரா இதழ்கள் ஏன் நின்றன, இப்போது எங்கே கற்பது?

இதழ்களைத் தாங்கியது சந்தா மட்டுமல்ல, கேமரா, லென்ஸ் விளம்பரங்களும்தான். அவை இணையத்துக்குப் போயின. செல்போன் வந்ததும் சிறிய கேமராக்களின் விற்பனையும் சரிந்தது. 1937இல் தொடங்கிய அமெரிக்க இதழ் பாப்புலர் போட்டோகிராபி 2017இல் அச்சை நிறுத்தியது பெரிய இழப்பு.

இப்போது பாடமெல்லாம் யூடியூபில்தான். பார்த்துக் கற்க ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளம் அருமையான இடம்: பல படங்களோடு அபர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) எல்லாம் தெரியும். ஆனால் எதற்குப் பின் எது என்ற வரிசை இல்லை. இதழாசிரியர் செய்த அந்த வேலை இனி உங்களுடையது. வாரம் ஒரு பாடம் போதும், பார்த்த அன்றே செய்து பாருங்கள்.

உதாரணத்துக்கு, ஜன்னலோரம் ஒருவரை உட்கார வையுங்கள். 50 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 400, கேமரா அபர்ச்சர் பிரையாரிட்டியில் (அபர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைக்கும்). அபர்ச்சர் எஃப்/2.8இல் 1/250 நொடி வந்தால், திறப்பு சுருங்கச் சுருங்க எஃப்/5.6இல் 1/60, எஃப்/11இல் 1/15 ஆகிவிடும். கடைசிப் படம் பெரும்பாலும் மங்கலாக வரும். பலரும் ஃபோகஸ் தப்பிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் அது மெதுவான ஷட்டரில் பதிந்த கை அசைவு. அதே எஃப்/11இல் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் 1/125 கிடைக்கும். கொஞ்சம் புள்ளி தட்டும், ஆனால் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.